எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர்

பாறசாலைக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாண வீடியோவில், மாப்பிள்ளை மின்னு என்கிற தாலியைக் கட்டுகிற இடத்தில் என் லேப்டாப் நின்றுபோனது. மாப்பிள்ளையின் வாய் பாதி திறந்திருந்தது. பெண்ணின் கண் பாதி மூடியிருந்தது. போதகர் உயர்த்திய கையை இறக்கவில்லை. நான் போய்த் தேங்காய் துருவிவிட்டு வந்தேன். துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். மூவரும் அப்படியே நின்றார்கள். மின்விசிறி மட்டும் லேப்டாப்பின் வயிற்றுக்குள் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இரைந்துகொண்டிருந்தது.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். நெய்யாற்றின்கரை, பாறசாலை ஸ்டுடியோக்காரர்கள் படம் பிடித்து ஹார்டு டிஸ்கில் போட்டுத் தருவார்கள். குன்னத்துகாலில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து நான் மணிக்கணக்கான கல்யாணத்தை ஒரு மணி நேரமாகக் குறைப்பேன். மாமனார் கொட்டாவி விடுவதை எடுத்துவிடுவேன். பெண்ணின் அத்தை சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாவது பாயசத்துக்குக் கை நீட்டுவதை, அத்தை யார் பக்கம் என்று பார்த்து, வைப்பேன் அல்லது எடுப்பேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: “இஞ்ச பாருங்க, இந்த லேப்டாப்பு இனி ஆகாது. எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்திலேயே எனக்கு கம்ப்யூட்டர் கேம் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அது போனுக்குள் அடங்கியது. நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி தேட வேண்டும், மற்ற குழுக்களைச் சுட்டுத் தள்ளிவிட்டுக் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். என் போன் பத்து நிமிடத்தில் தோசைக்கல்லாகிவிடும். அதை மேசை விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு ஆடுவேன். பெரிய திரை, கீபோர்டு, மவுஸ், சூடாகாத ஒரு பெட்டி. இதுதான் என் கனவு. கல்யாண வீடியோவை அந்தக் கனவுக்கு முன்னால் திரையாகத் தொங்கவிட்டேன்.

வீட்டுக்காரர் பால் சொசைட்டியில் செக்ரட்டரி. காலையிலும் சாயங்காலமும் கறவை நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். என் ஆட்டமெல்லாம் அந்த நேரத்தில்தான். அவருடைய அம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, மட்டும் தெரியும். முதல் தடவை உள்ளறையிலிருந்து “பின்னால ஒருத்தன் நிக்கான், அடி, அடி, விடாத!” என்று என் சத்தம் கேட்டு மாமி துடைப்பத்தோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்தபிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார். இதை மகனிடம் சொல்ல வேண்டாம் என்று நான் மாமியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என் கணக்கு என்னவென்றால், வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டுவார், நான் என் இஷ்டத்துக்கு உதிரிப்பாகங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிடுவேன் என்பதுதான். அவர் தலையாட்டவில்லை. கம்ப்யூட்டரைப் படிக்க ஆரம்பித்தார். தினமும் ஊர்ப் பாலையெல்லாம் சோதித்துப் பார்த்து யார் தண்ணீர் சேர்த்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறவர் அவர். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பி ஒரு டார்ச் லைட்கூட வாங்கியதில்லை. சீட்டுப் பணம் வந்திருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும், அதற்குள் மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும், ஏமாறவும் கூடாது. இப்படி ஒரு வேலை கிடைத்ததும் அவர் முகத்தில் வந்த களையை என் கல்யாண வீடியோவில்கூட நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. புராசசர் கணக்குப் போடுகிற மூளை, கிராபிக்ஸ் கார்டு படம் வரைகிற கை, ரேம் வேலை செய்கிற மேசைப் பலகை என்று எனக்கு விளக்கினார். எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் தெரியாத மாதிரி கண்ணை விரித்துக் கேட்டேன்.

“மூளை பெருசா இருந்து கை சிறுசா இருந்தா பிரயோஜனம் இல்ல, கேட்டியா? ரெண்டும் ஒத்து வரணும். அதாக்கும் காரியம்.”

“ஓகோ” என்றேன்.

“எலே, மீன் ஆறுது, தின்னு” என்றார் மாமி.

நாலைந்து நாள் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒருநாள் சொசைட்டியிலிருந்து வந்தவர் கை கழுவும்போதே அறிவித்தார்.

“எடி, கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.”

என் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் போய்விட்டது.

“இப்பம் வாற புராசசர்ல அது உள்ளேயே உண்டு. எடிட்டிங்குக்கு அது போதும். தனியா கார்டு வைக்கது கேம் களிக்குதவங்களுக்காக்கும். நமக்கு என்னத்துக்கு? பாலில வெள்ளம் சேக்கது மாதிரி.”

அவர் சொன்னதில் பிழை அதிகமில்லை என்பதுதான் என்னை வருத்தியது. நான் செய்கிற வேலைக்கு நல்ல புராசசர் ஒன்று போதும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால். ஆனால் தீவில் குதிப்பதற்குப் போதாது. மேலே வாதாடினால் என் ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டுவார். எனவே வாதாடவில்லை. வேலை செய்தேன்.

சொசைட்டியின் ஆண்டு விழா வீடியோ என்னிடம் இருந்தது. அதில் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து ஆற்றிய உரை உண்டு. அந்த உரையை எடுத்து, உலகத்தில் உள்ள எல்லா அலங்காரத்தையும் அதன்மேல் ஏற்றினேன். பின்னணியில் மேகம், ஓரத்தில் பூ, முகத்தில் வெளிச்சம், மெல்ல நகரும் தங்கத் தூசி. அரைகுறை உயிரோடு இருந்த லேப்டாப்பில் அதை ஓடவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

திரையில் வீட்டுக்காரர் “மதிப்பிற்குரிய” என்று ஆரம்பித்தார். “மதி” வந்தது. பிறகு நெடுநேரம் வாய் கோணிக்கொண்டு நின்றது. “ப்பி” வந்தது. ஒரு கண் மூடியது. இன்னொரு கண் மூடுவதற்குள் தங்கத் தூசி அவர் மூக்கின்மேல் உறைந்துவிட்டது.

“இது என்னடி இப்படி?”

“லேப்டாப்பு பழசு.”

“புது புராசசர் வச்சா சரியாவுமா?”

“ஆவும். கொஞ்சம் நிக்கும், பின்னே போவும்” என்றேன். “கிராபிக்ஸ் கார்டு இருந்தா நிக்காது. சாரமில்ல, விடுங்க. மத்தவங்க வீடியோதானே. நிண்ணா நிக்கட்டு.”

அவர் திரையில் தன் கோணிய வாயைப் பார்த்தபடி நின்றார். அடுத்த நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, “இருக்கதுல சின்ன கார்டு ஒண்ணு வைக்கலாம்” என்றார். நான் குனிந்து முற்றம் பெருக்கினேன். சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல வேலை கிடையாது.

பிறகு கடை. எங்களைப் போல எல்லையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேரளத்து நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டு மார்த்தாண்டமும் எங்களுக்கு அடுத்தடுத்த அறைகள் மாதிரி. வீட்டுக்காரர் அந்த வசதியை முழுதாகப் பயன்படுத்தினார். நெய்யாற்றின்கரைக் கடையில் மலையாளத்தில் விலை கேட்டார். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற கடையில் தமிழில் கேட்டார். அங்கே கேட்டதை இங்கே குறைத்துச் சொன்னார். இங்கே கேட்டதை அங்கே இன்னும் குறைத்துச் சொன்னார்.

“மார்த்தாண்டத்தில் கீபோர்டும் மவுசும் ஃப்ரீயாணு” என்று நெய்யாற்றின்கரையில் சொன்னார். அங்கே அப்படி யாரும் சொல்லவில்லை.

“நெய்யாற்றின்கரையில யு.பி.எஸ்.ஸுக்கு பாதி வெலதான்” என்று மார்த்தாண்டத்துக்குப் போன் செய்தார். அதுவும் அப்படித்தான்.

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை சுத்தமாகப் பொய் சொல்கிற மனிதரோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விலை மெல்ல மெல்ல இறங்கியது. மார்த்தாண்டக் கடைதான் கடைசியில் கீழே நின்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாங்கிவரப் புறப்பட்டோம். மார்த்தாண்டம் என்றதும் மாமியும் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மட்டிப் பழம் வாங்க வேண்டுமாம். பழம் முதலில் வாங்கினோம். பழத்தாரோடு கடைக்குள் போனோம்.

கடைக்காரர் மாமியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த நாற்காலிக்கு நேர் எதிரே, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தீவு. பாராசூட்டில் ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அதைப் பார்த்தேன். மாமியும் பார்த்தார். நான் மாமியின் முழங்கையைத் தொடுவதற்குள் காரியம் நடந்துவிட்டது.

“மக்ளே!” என்றார் மாமி, தெரிந்தவர்களைத் திருவிழாவில் கண்ட மகிழ்ச்சியோடு. “இது நீ தெனமும் போன்ல களிக்குத களியில்லியா? இந்தா, அந்த வீடு! நீ ஏறி ஒளிச்சிருக்குத வீடு!”

மதர்போர்டின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

“தெனமுமா?”

“நீ பாலெடுக்கப் போவும்பம்” என்றார் மாமி. “நல்லா களிப்பா. சுடுதது பாக்கணும். படக்கு படக்குண்ணு.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டின் பெட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டியின்மேல் கவசம் போட்ட ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு நின்றான். அவன் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகிறவனாகத் தெரியவில்லை.

“எடிட்டிங்குக்கு” என்றார் வீட்டுக்காரர்.

“எடிட்டிங்கும் உண்டு” என்றேன்.

அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். கடைக்காரரிடம், “ஒரு நிமிசம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனை எடுத்து யாரையோ கூப்பிடுவது தெரிந்தது. அவர் நினைத்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆர்டரை விட்டுவிடுவது, நெய்யாற்றின்கரைக் கடையில் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிடுவது. என்னைத் தண்டிக்க அதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

அவர் போனைக் காதில் வைத்தார். கடைக்குள், பின்னறையில், ஒரு போன் அடித்தது.

பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். “ஆ, பறயூ சாரே” என்றார். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர்தான் அவர்.

கண்ணாடிக்கு வெளியே வீட்டுக்காரர், “மார்த்தாண்டத்துக்காரன் செரியில்லா. நிங்ஙள் ஒரு விலை பறயூ” என்று சொன்னது, போன் வழியாகவும் கதவு வழியாகவும் இரண்டு தடவை கேட்டது. பிறகு அவர் திரும்பினார்.

ஒரு மனிதர் ஒரே நேரத்தில் ஒருவரைப் போனிலும் நேரிலும் பார்க்கும்போது போனைக் கட் பண்ணுவதா, வேண்டாமா என்று தெரியாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அதைப் படம் பிடித்திருந்தால் ஒரு நொடியைக்கூட வெட்டியிருக்கமாட்டேன்.

“உள்ளே வாங்க சார்” என்றார் மார்த்தாண்டத்துக்காரர். “இது எனக்க மச்சினனாக்கும். பெண்டாட்டிக்க தம்பி. சனியாழ்ச்ச இங்க வருவான். ரெண்டு கடைக்கும் ஸ்டாக்கு ஒண்ணுதான்.”

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மச்சினன் மரியாதையோடு, “சார், ஒரு சம்சயம்” என்றார். “மார்த்தாண்டத்தில் கீபோர்டு ஃப்ரீன்னு என்கிட்ட சொன்னீங்க. நெய்யாற்றின்கரையில யு.பி.எஸ். பாதி வெலன்னு அத்தான்கிட்ட சொன்னீங்க. அந்தக் கடை எங்கயாணு? சொன்னா நாங்களும் அங்கேயே வாங்கலாம்.”

கடைக்காரர் இருவரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் சிரிக்கும்போது தனியாக இருப்பானேன் என்று சிரித்தார். கடைசியில் வீட்டுக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது, என்னைத் திட்டுவதற்கு வைத்திருந்த முகம் அவரிடம் இல்லை. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

“இனி நிஜம் பேசலாம்” என்றார் மார்த்தாண்டத்துக்காரர்.

நிஜம் பேசியதும் காரியம் வேகமாக நடந்தது. புராசசர் நடுத்தரம். மதர்போர்டு சாதாரணம், ஆனால் பிறகு ரேம் கூட்ட இடம் உள்ளது. ஒரு பெரிய ரேமுக்குப் பதில் இரண்டு சின்ன ரேம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று அத்தானும் மச்சினனும் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. ஒரு மழைக்கால இடியில் சொசைட்டியின் மெஷின் கருகிப்போன வாசம் இன்னும் அவர் மூக்கில் உண்டு. மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவியைப் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னார். மாமி அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. மாமி பார்க்கிற சீரியலில் அப்போது மருமகள் சிறைக்குப் போகிற கட்டம்.

மிச்சம் கிராபிக்ஸ் கார்டு. கையிலிருந்த பணத்துக்குப் புதிய கார்டு என்றால் மிகச் சின்னதுதான் வரும். மச்சினன் பின்னறையிலிருந்து ஒரு பழைய கார்டைக் கொண்டு வந்தார். ஒரு கஸ்டமர் பெரியது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனது. புதியதைவிட ஒரு படி மேலானது, விலை குறைவு.

பழையது என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குள் இருந்த செக்ரட்டரி எழுந்துகொண்டார். கார்டை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். விசிறியை விரலால் சுற்றினார். முகர்ந்து பார்த்தார்.

“இதை டெஸ்ட் செய்யாம வாங்கமாட்டேன்.”

“செய்யலாம் சார். மாட்டித் தாறேன். ஆனா களிச்சுத்தான் பாக்கணும்” என்றார் மச்சினன். “எனக்கு விக்கத்தான் தெரியும், களிக்கத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றார் மார்த்தாண்டத்துக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரரும் பார்த்தார்.

“இரு” என்றார். “சும்மா இல்ல, டெஸ்டுக்காக்கும்.”

உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்தில் குதித்த உடனே செத்தேன். ஹாஸ்டலை விட்ட பிறகு மவுசைப் பிடித்து ஆடியதே இல்லை, கை தடுமாறியது.

“இம்புட்டுதானா?” என்றார் வீட்டுக்காரர்.

அவர் கார்டைத்தான் கேட்டாரோ என்னவோ. எனக்கு என்னைக் கேட்டதாகப் பட்டது. சேலை முந்தானையை இடுப்பில் செருகினேன். இரண்டாவது ஆட்டத்தில் குதித்தேன். ஒரு மாடி வீட்டில் ஏறினேன். படியேறி வந்தவனைச் சுட்டேன். அவனைத் தேடி வந்தவனைச் சுட்டேன். ஜன்னல் வழியாகக் குதித்து ஒரு ஜீப்பை எடுத்தேன். என் முதுகுக்குப் பின்னால் மாமி நின்று தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“எடது பக்கம்! எடது பக்கம் ஒருத்தன்! எலே, அவளுக்குக் காட்டிக் குடு!”

“எங்க?” என்றார் வீட்டுக்காரர்.

“அந்தா, மரத்துக்க மூட்டுல!”

திரையின் மூலையில் கார்டின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவர் நின்றிருந்தார். முதலில் அதைத்தான் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற சிலர் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமி பழத்தாரை ஒரு அன்னியர் கையில் கொடுத்திருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தோம். அவரும் அதைப் பிடித்தபடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நானும் இன்னொருவனும்தான் மிச்சம். அவன் புல்லுக்குள் படுத்திருந்தான். நான் பாறையின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன், அவன் சுட்டுவிட்டான்.

“ஒளிச்சுக் கெடந்து அடிக்கான், வெக்கங்கெட்டவன்!” என்றார் மாமி.

நான் எழுந்திருக்கப் போனேன். வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“காணாது. இன்னும் ஒண்ணு களி. கார்டு நல்லா சூடாகட்டு.”

அப்புறம் இரண்டு ஆட்டம் ஆடினேன். கார்டு சூடாகவில்லை. வாங்கினோம்.

கேபினட் தேர்வில் மாமி ஜெயித்தார். வீட்டுக்காரர் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒன்று சிவப்பும் நீலமும் பச்சையுமாக மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அதில்தான் ஆசை. அன்றைக்கு வாயைத் திறக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. மாமி கேட்டார்: “மக்கா, இத சன்னல் கிட்ட வச்சா கிறிஸ்மசுக்கு ஸ்டார் வாங்காண்டாம் இல்லியா?” வீட்டுக்காரர் அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மச்சினன் அதைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கேபினட் பெட்டி வீட்டுக்காரர் மடியில். மானிட்டர் என் மடியில். கிராபிக்ஸ் கார்டைத் தனியாக எடுத்துத் துண்டில் சுற்றி மாமி தன் பைக்குள் வைத்திருந்தார். கண்டக்டர் வந்து, “இதெந்தா அம்மச்சி, டிவியா?” என்று பெட்டிகளைக் காட்டிக் கேட்டார்.

மாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “எடிட்டிங்குக்காக்கும்” என்றார்.

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. களியக்காவிளை தாண்டியபிறகுதான் பேசினார்.

“எம்பிடு காலமா களிக்க?”

“கல்யாணத்துக்கு முன்னாலேயே.”

“என்னட்ட சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லுவேன்?”

“சொல்லுவீங்க.”

யோசித்துப் பார்த்தார். “சொல்லியிருப்பேன்” என்றார். கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் திரும்பினார். “அப்பம் அந்த ஆண்டு விழா வீடியோ? எனக்க வாய் அப்படிக் கோணிக்கிட்டு நிண்ணது?”

நான் மானிட்டர் பெட்டியில் எழுதியிருந்ததை மிகக் கவனமாகப் படித்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்ச் போட்டதும் விளக்கெல்லாம் எரிந்தது, விசிறியெல்லாம் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. “பழைய கார்டு, நான் அப்பமே நெனச்சேன்” என்று வீட்டுக்காரர் உடனே மச்சினனைக் கூப்பிட்டார். மச்சினன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது? வீட்டுக்காரர் அதை மதர்போர்டில் செருகியிருந்தார். கார்டில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது. இந்தப் பகுதியைச் சொசைட்டியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

பாறசாலைக் கல்யாணம் மறுநாளே முடிந்தது. போதகர் கையை இறக்கினார், மாப்பிள்ளை மின்னு கட்டினார். வேலை முன்னைவிட வேகமாக முடிவதால் சாயங்காலம் எனக்கு இன்னும் அதிக நேரம் கிடைத்தது. அதை எப்படிச் செலவழித்தேன் என்று வீட்டுக்காரர் இப்போது கேட்பதில்லை.

வாங்கும்போது ஹெட்போனுக்கு மட்டும் பணம் மிஞ்சவில்லை. அதனால் பழைய ஸ்பீக்கரில்தான் குழுவினர் குரல் அறை முழுக்கக் கேட்கும். ஒரு சாயங்காலம் மும்முரமான கட்டத்தில் மாமி மரச்சீனிக் கிழங்கும் மீனுமாக உள்ளே வந்தார். ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல், “சேச்சி, வலத்தோட்டு, வலத்தோட்டு!” என்று என்னை வலப்பக்கம் திரும்பச் சொல்லிக் கத்தியது.

“யாருடே அது?” என்றார் மாமி.

மைக் திறந்திருந்தது. “அம்மச்சி, ஞான் பெருங்கடவிளையிலாணு” என்றது குரல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வதுபோல.

“பெருங்கடவிளையில எங்க? சந்தைக்க கிட்டயா, சர்ச்சுக்க கிட்டயா?”

“சர்ச்சின்றெ பின்னில்.”

மாமி தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். என்ன வேலை, யார் மகன், கல்யாணம் ஆயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒரு பாங்கில் வேலை பார்ப்பவர், குழந்தை உண்டு. மனைவியின் அம்மா பெண்கள் சங்கத்தில் மாமியோடு பாட்டுப் பாடுகிறவர் என்று தெரிந்தது. இவ்வளவு நேரமும் அவர் திரையில் ஒரு வயல் நடுவே, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, அசையாமல் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பக்கத்திலிருந்தும் அவர்மேல் குண்டு விழுந்தது.

அவர் பின்னால் ஒரு பெண்குரல் கூப்பிடுவது ஸ்பீக்கரில் கேட்டது.

“உனக்க பெஞ்சாதி கூப்பிடுகா. கேக்கலியா?” என்றார் மாமி. “போ. போய் என்னண்ணு கேட்டுட்டு வா.”

“செரி அம்மச்சி” என்று அவர் போய்விட்டார். மிச்சமிருந்த எங்களை எதிரிகள் சாவகாசமாக வந்து முடித்துவிட்டுப் போனார்கள்.

பால் கணக்கை முடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, “என்னாச்சு, யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார்.

மாமி தட்டை என் பக்கம் நகர்த்தினார். “தோத்துப்போச்சு மக்கா” என்றார். “நாங்க.”